தொடை இடுக்குப் படர்தாமரை: கூட்டு கிரீமா, தனிக் களிம்பா?

தொடை இடுக்கில் வட்டமாகப் பரவி, ஓரம் மட்டும் சிவந்து தடித்து, ராத்திரி தூங்கவிடாமல் அரித்தால் பெரும்பாலும் அது பூஞ்சையால் வரும் படர்தாமரை. மெடிக்கலில் போய் ‘அரிப்புக்கு ஏதாவது குடுங்க’ என்று கேட்டால் இரண்டில் ஒன்று கைக்கு வரும். ஒன்று, பூஞ்சை மருந்து மட்டும் உள்ள களிம்பு. மற்றது, பூஞ்சை மருந்தோடு ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் சேர்ந்த கூட்டு கிரீம். நான் தனிக் களிம்பின் பக்கம். விலையில் பேச ஒன்றுமில்லை. நிறுத்திய பிறகு என்ன ஆகிறது என்பதை வைத்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும்.

கூட்டு கிரீம் சீக்கிரம் கேட்கும், அதை மறுக்க முடியாது. இரண்டு மூன்று நாளில் அரிப்பு அடங்கிவிடும். அடக்குவது குளோபெட்டசால் மாதிரியான வீரியமான ஸ்டீராய்டு. அது பூஞ்சையைக் கொல்லாது. பூஞ்சையை எதிர்த்துத் தோல் காட்டும் அழற்சியை அமுக்கும், அவ்வளவுதான். எதிர்ப்பு இல்லாத இடத்தில் பூஞ்சை தாராளமாகப் பரவும். நிறுத்தினால் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பும், மறுபடி அதே டியூப் வாங்கச் சொல்லும். போகப்போக ஓரம் மங்கி, வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் எழும். இடுக்கில் தோல் மெல்லிசு, எப்போதும் மூடியே இருக்கும், அதனால் மருந்து அதிகம் உள்ளே இறங்கும். மாதக்கணக்கில் தடவினால் பிரசவக் கோடுகள் போலத் தொடையில் வரி வரியாக விழும். அந்த வரிகள் முழுசாக மறையாது.

ஆகவே டியூப்பைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். குளோபெட்டசால், பெக்லோமெத்தசோன், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் போட்டு வந்தவர்கள் நிறுத்தும்போது சில நாள் சிவப்பும் எரிச்சலும் கூடும். அதைப் பார்த்துப் பயந்து பழைய டியூப்புக்கே திரும்பிவிடாமல், அந்த நாட்களைத் தோல் மருத்துவர் துணையோடு கடப்பது நல்லது.

தனிக் களிம்புகளில் குளோட்ரிமசோல் 1% தினம் இரண்டு வேளை, லுலிகொனசோல் 1% ஒரு வேளை. ஒரு வேளை மருந்து மறக்காமல் போட வசதி என்பதால் லுலிகொனசோலுக்கு என் ஓட்டு. டெர்பினாஃபின் ஒரு காலத்தில் கைகண்ட மருந்து. இப்போது இந்தியாவில் அதற்கு மசியாத பூஞ்சை பரவியிருப்பதால் எல்லாருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது.

எந்தக் களிம்பாக இருந்தாலும் பலர் கோட்டை விடுவது அளவிலும் நாளிலும்தான். ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். இரண்டு பக்கமும் ஒரு வேளைக்கு 1 கிராம் என்றால், இரண்டு வேளைக் களிம்பில் 10 கிராம் டியூப் ஐந்தே நாளில் தீரும். அரிப்பும் அதற்குள் குறைந்திருக்கும், அடுத்த டியூப் வாங்க மாட்டார்கள், அதுதான் திரும்பி வர வழி. ஈரம் முழுசாகக் காய்ந்த பிறகு, தெரியும் ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை தடவுங்கள். தோல் பழையபடி ஆன பின்னும் இரண்டு வாரம் தொடருங்கள்.

விரலிடுக்கில் சேற்றுப்புண் இருந்தால் அதற்கும் சேர்த்து மருந்து போட வேண்டும். ஜட்டியைக் காலில் நுழைக்கும்போது அங்கிருந்துதான் மேலே ஏறுகிறது. முதலில் சாக்ஸ், பிறகு ஜட்டி என்று மாற்றினாலே பாதி வழி அடைபடும். துண்டு தனி. துணியை வெந்நீரில் அலசி, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் காயப்போடுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பு இருந்தால் இருவருக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம்.

விதைப்பையும் சிவந்து, சுற்றிலும் சின்னச் சின்னப் பொரிகள் இருந்தால் அது கேண்டிடா என்ற வேறு வகைப் பூஞ்சையாக இருக்கலாம். அரிப்பே இல்லாத பழுப்புப் படை பாக்டீரியாவாலும் வரும். நான்கு வாரம் ஒழுங்காகப் போட்டும் அடங்கவில்லையா? தோலைச் சுரண்டி, பூஞ்சை இருக்கிறதா என்று காட்டும் கே.ஓ.எச். சோதனை பார்க்கச் சொல்லுங்கள். அப்போது இட்ரகொனசோல் என்ற பூஞ்சை மாத்திரை தேவைப்படலாம். இதய பலவீனம் உள்ளவர்களும், கொலஸ்டிரால் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அதை மருத்துவரிடம் சொல்லாமல் விழுங்கக் கூடாது.