பத்தே நாளில் சொரியாசிஸை மறைய வைக்கும் பொடி: சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் திடீரென நிறுத்தாதீர்கள்

சொரியாசிஸுக்கு "நிரந்தரத் தீர்வு" என்று வாங்கிய பொடியோ உருண்டையோ சாப்பிட்டு, பத்துப் பதினைந்து நாளில் செதிலெல்லாம் உதிர்ந்து தோல் பளிச்சென்று ஆகிவிட்டதா? அந்த மருந்தின் மேல் சந்தேகம் வந்து அதைக் குப்பையில் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

இந்த ஏமாற்று ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. உள்ளூர் டிவி விளம்பரம், வாட்ஸ்அப் வீடியோ, மாதம் ஒருமுறை லாட்ஜில் முகாம். சிகிச்சைக்கு முன், பின் என்று இரண்டு படங்கள். நாடி பிடித்துப் பார்த்து, ரத்தம் கெட்டுப்போயிருக்கிறது என்பார்கள். மூன்று மாதமோ ஆறு மாதமோ கோர்ஸ். பணம் முழுவதும் முதலிலேயே. ரசீது கேட்டால் "ஆலோசனைக் கட்டணம்" என்று மட்டும் எழுதிய சீட்டு. மருந்து பெயரில்லாத பொட்டலத்தில் வரும். கூடவே கத்திரிக்காய், கருவாடு, முட்டை, புளி என்று நீளமான பத்தியம். நோய் திரும்பி வரும்போது பழியை நோயாளி மேல் போட அந்தப் பத்தியம் உதவும்: "நீங்க எங்கயோ வாய் தவறியிருக்கீங்க."

அவ்வளவு வேகமாகக் குறைவது எப்படி? சாதாரணத் தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய 28 நாள் ஆகும். சொரியாசிஸில் நோய் எதிர்ப்பு மண்டலம் தவறாகத் தூண்டப்பட்டு, அதே வேலை 3 முதல் 5 நாளில் நடக்கிறது. அதை அடக்க, சொரியாசிஸுக்கு மருத்துவர்கள் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரைக்கே பல வாரங்கள் பிடிக்கும். வெட்பாலைத் தைலமும் பரங்கிப்பட்டைச் சூரணமும் தரும் முறையான சித்த மருத்துவர்கூட மாதக் கணக்குத்தான் சொல்வார். நாள் கணக்கில் பலன் காட்டும் பொடியில் டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகளை அரைத்துக் கலந்திருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும்.

உடம்பே சாட்சி சொல்லும். முதல் வாரத்திலேயே அகோரப் பசி, தூக்கமின்மை. பிறகு முகம் உப்பி வட்டமாகும், வயிறு பெருக்கும், கை கால் மெலியும். லேசாக இடித்தாலும் கன்றிப்போகும். சர்க்கரையும் பிரஷரும் ஏறும். பாதரசம், ஆர்சனிக் கலந்த, சரியாகச் சுத்தி செய்யாத மருந்துகள் வேறு வகை ஆபத்து. உள்ளங்கை, உள்ளங்காலில் சிறு சிறு தடிப்புகளும், உடம்பில் மழைத்துளி தெறித்தது போன்ற கரும்புள்ளிகளும் ஆர்சனிக்கின் அடையாளங்கள். நோய் பரவுகிறது என்று நினைத்து அதே மருந்தை இன்னும் கூட்டிச் சாப்பிடும் அபாயம் இதில் உண்டு.

இனிதான் முக்கியமான விஷயம். வெளியிலிருந்து ஸ்டீராய்டு மூன்று வாரத்துக்கு மேல் தினமும் உள்ளே போனால், உடம்புக்கு வேண்டிய இயற்கை ஸ்டீராய்டைச் சுரக்கும், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துவிடும். அந்த நிலையில் மருந்தைச் சட்டென நிறுத்தினால் இரண்டு ஆபத்துகள். ஒன்று, வாந்தி, மயக்கம், பிரஷர் இறக்கம். இரண்டாவது, சொரியாசிஸ் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்புவது: உடல் முழுக்கச் சிவந்து தோல் உரியும், அல்லது சீழ்க் கொப்புளங்கள் அலையலையாகக் கிளம்பும். விற்றவரிடம் போன் செய்தால், "கழிவு வெளியேறுது, பயப்படாதீங்க" என்ற பதில்தான் வரும். நம்பாதீர்கள். குளிர் நடுக்கம், கால் வீக்கம், காய்ச்சல், உடம்பில் முக்கால்வாசிக்கு மேல் சிவப்பு, இதில் எது தெரிந்தாலும் அன்றே பெரிய மருத்துவமனையில் சேர வேண்டும். உயிருக்கே ஆபத்தான நிலை அது.

ஆகவே மிச்சமிருக்கும் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். எத்தனை மாதம், ஒரு நாளைக்கு எத்தனை வேளை, கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். திட்டுவாரோ என்று மறைக்க வேண்டாம். மறைத்தால் சிகிச்சையே தவறாகிவிடும். தேவைப்பட்டால் காலை எட்டு மணி வாக்கில் ரத்தத்தில் கார்ட்டிசால் (அட்ரீனல் சுரக்கும் இயற்கை ஸ்டீராய்டு) அளவு பார்ப்பார்கள். அளவு தெரிந்த ஸ்டீராய்டு மாத்திரைக்கு மாற்றிப் படிப்படியாகக் குறைத்து, கூடவே சொரியாசிஸுக்கான மருந்தைத் தொடங்குவார்கள். நடுவில் காய்ச்சல், பல் பிடுங்குதல், ஆபரேஷன் எது வந்தாலும், இப்படி ஒரு மருந்து சாப்பிட்டதைச் சொல்ல வேண்டும்.

மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் கிடைக்கும் ஆயின்ட்மென்ட் இதே கதையின் சிறிய வடிவம். 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு ஆயின்ட்மென்ட்களை மருத்துவர் சீட்டுக்குத்தான் தர வேண்டும் என்ற பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் "படைக்கு ஒண்ணு குடுங்க" என்றால் ஸ்டீராய்டும் ஆன்டிபயாட்டிக்கும் பூஞ்சை மருந்தும் கலந்த ட்யூப் கைக்கு வந்துவிடுகிறது. மிக வீரியமான ஸ்டீராய்டான குளோபெட்டசால் என்றால் வாரத்துக்கு 50 கிராமுக்கு மேல் கூடாது, தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது. முகத்திலும் தொடை இடுக்கிலும் போடவே கூடாது.

நோயாளிகளை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. முறையான சிகிச்சையில் இருந்தவர்கள்தான் பெரும்பாலும் வெறுத்துப்போய் லாட்ஜ் வைத்தியத்துக்குப் போகிறார்கள். இரண்டு நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்பினால் வேறென்ன நடக்கும்? எவ்வளவு தடவ வேண்டும் என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரை பிதுக்கிய மருந்து அரை கிராம். அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குத்தான் வரும். ஒரு காலுக்கு 3 கிராம் வேண்டும். இரண்டு கால் முழுவதும் ஒருவேளை தடவினாலே 30 கிராம் ட்யூப் ஐந்து நாளில் தீர்ந்துவிடும். இதைச் சொல்லாமல் 15 கிராம் ட்யூபை ஒரு மாதத்துக்கு எழுதினால், "மருந்து கேட்கலை" என்றுதான் நோயாளி நினைப்பார்.

மெத்தோட்ரெக்சேட் விஷயத்தில் அந்த அவசரம் உயிரையே பறிக்கும். அது வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிடும் மாத்திரை. தினமும் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்று சீட்டிலும் அட்டையிலும் எழுதி வாங்குங்கள். கூடவே தரும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை வேறு நாளில். தொடங்கும் முன் ரத்த அணுக்கள், கல்லீரல், கிரியாட்டினின் பரிசோதனை. பிறகும் இடைவெளி விட்டுத் தொடர்ந்து. மது கூடாது, கர்ப்பிணிகள் தொடவே கூடாது. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் தவறான தூண்டலை அடக்கும் பயாலஜிக் ஊசி என்றால் முதலில் டிபி பரிசோதனை நடந்ததா என்று கேளுங்கள். விரலோ குதிகாலோ வீங்கி, காலையில் விறைப்பாக இருந்தால் நீங்களாகவே சொல்லுங்கள். சொரியாசிஸ் மூட்டையும் பிடிக்கும்.

சித்த மருத்துவம்தான் வேண்டும் என்பவர்கள் தாராளமாகப் போகலாம், பதிவு பெற்றவரிடம். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்கே இந்த நோயைக் காளாஞ்சகப்படை என்பார்கள். விற்பனைக்கு வரும் சித்த மருந்தின் லேபிளில் சேர்மானப் பட்டியல், தயாரிப்பாளர் முகவரி, லைசென்ஸ் எண், பேட்ச் எண், தயாரித்த தேதி இருக்க வேண்டும்.

ஏமாந்தவர்கள் பொட்டலம் முழுவதையும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். பாதியைப் பிரிக்காமல், வாங்கிய தேதியோடு வையுங்கள். மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் சட்டம், 1940இன் 26ஆம் பிரிவின்படி, மருந்து வாங்கிய எவரும் கட்டணம் செலுத்தி அதை அரசுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். விளம்பர வீடியோ, பணம் அனுப்பிய ஜிபே விவரம், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நம்பரை பிளாக் செய்வது அதற்குப் பிறகு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.