ஆகஸ்டில் மூணாறா, குன்னூரா?

மட்டக்களப்பில் மாமாங்கக் கோயில் தீர்த்தம் முடிந்த கையோடு இந்தியாவில் தேயிலை மலை பார்க்கப் போகிறோம் என்றதும், “நுவரெலியா கிடக்க அங்க என்னத்துக்கு?” என்றார் மாமி. நியாயமான கேள்விதான். பச்சையும் குளிரும் எங்கும் ஒன்றே. கொழுந்து எடுப்பவர்களின் பேச்சும் தமிழ்தான், கேரளத்து மூணாறில்கூட.

அழகுக்கு மட்டும் மார்க் போட்டால் மூணாறு முந்தும். ஒரு டிசம்பரில் இரண்டே நாள் அங்கே நின்றிருக்கிறேன். இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடு பக்கத்திலேயே வந்து மேய்ந்தது. கொச்சியில் இறங்கினால் நாலு மணித்தியாலப் பயணம்.

ஆனாலும் இம்முறை தமிழ்நாட்டு நீலகிரியிலுள்ள குன்னூருக்குப் போனோம். காரணம் காற்று. நமக்கு ஆடியில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று ஏன் நெருப்பாய் அடிக்கிறது? மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு இறங்குவதால்தான். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அதே கதை. தென்மேற்குப் பருவக்காற்றை மூணாறு நேரே வாங்குகிறது. குன்னூரோ நம்ம மட்டக்களப்பு மாதிரி மலைக்குக் கிழக்கே ஒதுங்கி இருக்கிறது. அதற்கும் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். மூணாறுக்குப் பக்கத்துப் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மண் சரிந்து லயங்களோடு 70 பேர் போனார்கள். அதை நினைத்தால் அந்த மாதத்தில் அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அங்கே போக மனம் வரவில்லை.

குன்னூரில் எங்களுக்குக் கிடைத்தது பனிமூட்டமும் பின்னேரத் தூறலும். அதற்காக நீலகிரி முழுக்க அப்படி என்று எண்ணவேண்டாம். மேற்கே அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 சென்ரிமீற்றர் கொட்டியது.

அப்புறம் ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இல் போட்ட பாதை. பற்சக்கரம் நடுவிலுள்ள பல் தண்டவாளத்தைக் கவ்வ, 28 கிலோமீற்றரை மூன்று மணித்தியாலத்துக்கு மேல் எடுத்து ஏறுகிறது. வளைவு ரோட்டில் வான் ஏறினாலே சத்தி எடுக்கும் அம்மா, யன்னலோரம் இருந்து வடை சாப்பிட்டார். மூணாறுக்கு ரோட்டை விட்டால் வழியில்லை. அங்கே ஓடிய ரயிலை 1924 வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

நமக்கு மாரி பெய்யும்போது போகிறவர்கள் மட்டும் இந்த ரயிலை நம்பவேண்டாம். மண் சரிந்தால் நிறுத்திவிடுவார்கள். மற்ற மாதங்களில் ரிக்கற் கிடைப்பதுதான் பாடு. 60 நாளுக்கு முன்பே திறக்கிறது, திறந்த அன்றே எடுத்துவிடுங்கள்.