மஸ்ட், ஹேவ் டு, ஷுட்: மூன்றுமே ‘வேண்டும்’ தானா?

தமிழில் ‘போக வேண்டும்’ என்றால் போதும். ஆசையா, கடமையா, கட்டளையா என்பதைப் பேச்சின் தொனி சொல்லிவிடும். ஆங்கிலத்தில் சொல்லையே மாற்ற வேண்டும்.

‘மஸ்ட்’ என்றால் கட்டாயம் பேசுபவரிடமிருந்து வருகிறது, ‘ஹேவ் டு’ என்றால் வெளியிலிருந்து வருகிறது என்பது இலக்கணப் பாடம். ‘ஐ மஸ்ட் ஸ்டாப் ஸ்மோக்கிங்’ என்பவர் தானாக முடிவெடுத்தவர்; ‘ஐ ஹேவ் டு ஸ்டாப்’ என்பவரை டாக்டர் மிரட்டியிருக்கிறார். சரி, ஆனால் இந்த நுணுக்கத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம் என்பேன். அன்றாடப் பேச்சில், அதுவும் அமெரிக்காவில், ‘ஹேவ் டு’தான் இரண்டு வேலையையும் பார்க்கிறது.

உண்மையான பள்ளம் எதிர்மறையில் இருக்கிறது. ‘யூ மஸ்ட் நாட் கம்’ என்றால் வரக் கூடாது. ‘யூ டோன்ட் ஹேவ் டு கம்’ என்றால் வர வேண்டியதில்லை, வந்தாலும் தப்பில்லை. நம்முடைய ‘வர வேண்டாம்’ இரண்டு பக்கமும் சாயும். அதனால்தான் சறுக்குகிறோம். ‘சனிக்கிழமை நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம்’ என்று பரிவோடு நினைத்து ‘மஸ்ட் நாட்’ என்று எழுதினால், படிப்பவர் தன்னை விலக்கி வைத்துவிட்டார்கள் என்றே நினைப்பார்.

இறந்தகாலத்திலும் ஒரு வேடிக்கை. ‘மஸ்ட்’ பழைய ஆங்கிலத்தில் இறந்தகால வடிவமாக இருந்து நிகழ்காலத்துக்கு வந்த சொல். அதனால் அதற்கென்று தனி இறந்தகாலம் இல்லை. ‘ஹேட் டு’வைத்தான் கடன் வாங்க வேண்டும். ‘ஹி மஸ்ட் ஹேவ் கான்’ என்பது வெறும் ஊகம்: போயிருப்பார் போல. ‘ஹி ஷுட் ஹேவ் கான்’ என்றால் போகாமல் இருந்துவிட்டார் என்ற குறை. தமிழில் இரண்டுமே ‘போயிருக்க வேண்டும்’ தான்!

‘ஷுட்’ அறிவுரை, ‘ஆட் டு’ கிட்டத்தட்ட அதே, கொஞ்சம் பழைய வாசனை. இணையத்தில் கணினிகள் பேசிக்கொள்ளும் விதிகளை எழுதுபவர்கள் ‘மஸ்ட்’டுக்கும் ‘ஷுட்’டுக்கும் உள்ள இடைவெளியை 1997இல் ஆர்.எஃப்.சி. 2119 என்ற ஆவணத்தில் வரையறுத்தே வைத்தார்கள்: ‘மஸ்ட்’ என்றால் விலக்கே கிடையாது, ‘ஷுட்’ என்றால் தக்க காரணம் இருந்தால், விளைவு தெரிந்து, மீறலாம்.

அப்புறம், மேலாளருக்கு எழுதும் மெயிலில் ‘யூ மஸ்ட்’ அதட்டலாகத் தெரியும். அதே சொல் விருந்துக்கு அழைக்கும்போது உபசாரம்: ‘யூ மஸ்ட் கம்!’ நாமும் ‘கண்டிப்பா வந்தே ஆகணும்’ என்று அதட்டித்தானே கூப்பிடுகிறோம்.