நெல் களத்தில் பார்பெல்: ஃபங்ஷனல் ஃபிட்னஸ் பயிற்சியில் நான்காம் ஆண்டு

மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலம் செல்லும் வழியில், இயக்கம் நின்றுபோன ஓர் அரிசி ஆலையின் கிடங்கிலும் அதன் முன்புறச் சிமென்ட் களத்திலும் நடக்கும் பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து எனக்கு இது நான்காம் ஆண்டு. அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன், வயது நாற்பத்தெட்டு. சேர்ந்தபோது, மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.2 இருந்தது. நீரிழிவு என்று சொல்வதற்கு 6.5 வேண்டும் என்றாலும், 5.7க்கு மேல் போனாலே எச்சரிக்கைதான் என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2023இல் வெளிவந்த இண்டியாப் ஆய்வின்படி நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்கிறார்கள். எங்கள் ஆசிரியர் அறையிலேயே மதிய உணவுக்கு முன் மாத்திரை போடாதவர்கள் குறைவு. இத்தனை காலப் பயன்பாட்டுக்குப் பிறகு என் கருத்து இதுதான்: பயிற்சி முறை நல்லது, ஆனால் எங்கோ எழுதப்பட்ட அட்டவணையை அப்படியே இறக்கிவைக்காமல், இந்த மண்ணின் வேலைக்கும் பருவத்துக்கும் சோற்றுக்கும் இசைய மாற்றிக்கொண்டதால்தான் அது எங்களிடம் நிலைத்தது.

முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரு நாள் கை, ஒரு நாள் மார்பு என்று தசைகளைப் பிரித்துப் பயிற்றுவிப்பதில்லை. உட்கார்ந்து எழுவது, குனிந்து தரையிலிருந்து எடுப்பது, தள்ளுவது, இழுப்பது, சுமந்து நடப்பது என உடம்பு அன்றாடம் செய்யும் அசைவுகளையே எடுத்து, எடையையும் வேகத்தையும் படிப்படியாகக் கூட்டி, நாளுக்கொரு விதமாக மாற்றித் தருகிறார்கள். இதை உலகெங்கும் பரப்பியதில் கிராஸ்ஃபிட் என்ற பயிற்சி முறைக்குப் பெரும் பங்குண்டு. ஜிம்னாஸ்டிக்ஸ் பின்னணியிலிருந்து வந்த கிரெக் கிளாஸ்மேன் 2000இல் கலிஃபோர்னியாவில் அதை நிறுவனமாக்கினார். 2007இல் அதே மாநிலத்தின் ஆரோமாஸ் என்ற ஊரில், ஒரு பண்ணையில் அதன் முதல் போட்டி நடந்தது. எங்கள் கூடம் கிராஸ்ஃபிட்டின் உரிமம் பெற்றதல்ல என்றாலும் அதன் பாடங்கள் பலவற்றைச் செய்கிறோம். ‘சிண்டி’ என்ற பாடத்தில் 5 புல்-அப் (கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது), 10 புஷ்-அப் (கை ஊன்றி உடம்பைத் தாழ்த்தி உயர்த்துவது), 15 ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது) சேர்ந்தது ஒரு சுற்று. 20 நிமிடத்துக்குள் முடிந்த அளவு சுற்றுகள் செய்ய வேண்டும். முதல் ஆண்டில் எனக்கு மாஸ்டர் (எங்கள் பயிற்சியாளர்) கொடுத்த சிண்டியில் புல்-அப்புக்குப் பதிலாக வளையத்தைப் பிடித்துச் சாய்ந்தபடி இழுப்பதும், பெஞ்சில் கை ஊன்றிச் செய்யும் புஷ்-அப்பும், பிளாஸ்டிக் ஸ்டூலில் தொட்டு எழும் ஸ்குவாட்டும் இருந்தன. பாடம் ஒன்றுதான், ஆளுக்கேற்ப அதன் கடுமை மாறும் என்பதை நான் இந்த முறையின் மிகப் பெரிய பலமாகக் கருதுகிறேன். தோளைச் சூடுபடுத்துவதற்கு மட்டும் எங்கள் மாஸ்டர் கர்லாக்கட்டையை விடுவதில்லை. தண்டாலும் பஸ்கியும் செய்து வளர்ந்த ஊரில் அது பொருத்தமாகவே இருக்கிறது.

“நாற்று நட்டாலே உடம்பு இறுகிவிடுமே, இதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா?” என்று உறவினர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி என்பதால் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். நடவில் முதுகெலும்பு மணிக்கணக்கில் வளைந்தே நிற்கிறது. எடை படிப்படியாகக் கூடுவதில்லை, அசைவு மாறுவதில்லை, வலித்தால் நிறுத்தவும் முடிவதில்லை. உழைப்பு உடம்பிடமிருந்து எடுத்துக்கொண்டே இருக்கிறது. பயிற்சியில் சுமைக்கு ஓர் அளவும், சுமைக்குப் பின் ஓய்வும் இருப்பதால்தான் தசையும் எலும்பும் திருப்பிக் கட்டிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. எங்களுடன் பயிலும் ஒருவர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சுமைதூக்கும் தொழிலாளி. 40 கிலோ சிப்பங்களைப் பருவம் முழுவதும் ஏற்றி இறக்குபவர், நாள்பட்ட முதுகுவலியோடுதான் இங்கு வந்தார். அவருக்கு வேண்டியிருந்தது கூடுதல் பலமன்று. முன்பக்கமே உழைத்துக் களைத்த உடம்புக்குப் பின்தொடையையும் மேல்முதுகையும் வலுப்படுத்தும் வேலையும், இடுப்பு மூட்டைத் தளர்த்தும் அசைவுகளும்தான் மாஸ்டர் அவருக்குக் கொடுத்தார்.

அவரிடமிருந்து நாங்கள் கற்றதும் உண்டு. பாதி மணலும் பாதி உமியும் நிரப்பிய 25 கிலோ மூட்டையைத் தரையிலிருந்து தோளுக்கு ஏற்றும் பயிற்சியில் நான் திணறிக்கொண்டிருந்தேன். அவர் அருகில் வந்து, “டீச்சர், கையால இழுக்காதீங்க. மொதல்ல மடியில ஏத்துங்க. மடியில உக்காந்துட்டா பாதி வேலை முடிஞ்சிது, இடுப்பை நிமித்துனா அதுவா தோளுக்கு வந்துரும்” என்றார். பிறகு செய்தும் காட்டினார். கால்களை அகட்டி வைத்து மூட்டையின் மேல் நெஞ்சு படியும் அளவுக்கு இறங்கினார். இரு முன்னங்கைகளையும் அதன் அடியில் செருகிக் கட்டிக்கொண்டு, முழங்காலைத் தாண்டித் தொடைக்கு இழுத்தார். அரை உட்காரலில் ஒரு மூச்சு நின்றார். பின்னர் குதிகாலை ஊன்றி இடுப்பைச் சட்டென்று நிமிர்த்தியபோது மூட்டை தானாகவே தோளில் சாய்ந்தது. மாஸ்டர் எல்லோரையும் நிறுத்திவைத்து அதை மறுபடியும் செய்யச் சொன்னார். பார்பெல் (இரு முனையிலும் எடை மாட்டிய கம்பி) தூக்கும்போது இடுப்பிலிருந்து விசை வர வேண்டும் என்று மாஸ்டர் பல வாரமாகச் சொல்லிவந்தது எனக்கு அன்றுதான் உடம்பில் ஏறியது.

தீவிரத்தைப் பற்றி எச்சரிக்கையாகவே எழுத வேண்டியிருக்கிறது. இதற்கு முன் வேறு ஊரில் சில மாதம் போய்வந்த ஒரு கூடத்தில், அடிப்படை வலு வருவதற்கு முன்பே எங்களைக் கம்பியில் ஆடியாடிப் புல்-அப் செய்ய வைத்தார்கள்; கடிகாரத்தை மட்டும் பார்த்தார்கள், தோளைப் பார்க்கவில்லை. அதில் வந்த தோள்வலி ஆறுவதற்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. ‘டபாட்டா’ என்ற பெயரில் எல்லா இடங்களிலும் ஓட்டப்படும் பாடத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஜப்பானிய ஆய்வாளர் இசுமி டபாட்டாவும் அவருடைய குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வு, நல்ல உடற்தகுதி கொண்ட இளைஞர்களை நிலைமிதிவண்டியில் ஏற்றி, 20 விநாடி உச்ச முயற்சி, 10 விநாடி ஓய்வு என்று செய்யவைத்த ஆய்வு. ஏழெட்டுச் சுற்றில் அவர்கள் மேற்கொண்டு மிதிக்க முடியாமல் ஓய்ந்துவிடும் அளவுக்கு அந்தச் சுமை கடுமையானது. அதே கடிகாரத்தை வைத்து அரை மணி நேரம் குதிப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. புதியவர்களுக்கு அது தேவையும் இல்லை. தாங்கும் சக்திக்கு மீறிய பயிற்சியால் தசையிழைகள் சிதைந்து, சிறுநீர் கரும்பழுப்பாகப் போகும் ராப்டோமயோலைசிஸ் என்ற நிலை சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடியது. அந்த அறிகுறி தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அக்னி நட்சத்திர நாள்களின் புழுக்கத்தில் எங்கள் கூடத்தில் நேரக் கணக்கு வைப்பதே இல்லை. எடையைக் குறைத்து, நுட்பத்தை மட்டும் பழகி, உப்புப் போட்ட நீர்மோர் குடித்துவிட்டு வீடு திரும்புகிறோம்.

உணவுதான் எனக்கு நீண்ட போராட்டமாக இருந்தது. இறைச்சி, காய்கறி, கொட்டைகள், விதைகள், கொஞ்சம் பழம், மிகக் குறைவாக மாவுச்சத்து, சர்க்கரை அறவே இல்லை என்பது கிளாஸ்மேன் வகுத்த உணவு நெறி. மூன்று வேளையும் அரிசியையோ அரிசிமாவையோ நம்பியிருக்கும் வீட்டில், பந்தியில் இரண்டாம் முறை சோறு வாங்காவிட்டால் உபசரிப்பவர் வருந்தும் ஊரில், அதைச் சொன்னபடி கடைப்பிடித்தவர்கள் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. ஒரு மாதம் கடைப்பிடித்துவிட்டு முன்னைவிட அதிகமாகச் சாப்பிடத் தொடங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் குழுவில் உள்ள செவிலியர் அக்கா வேறு வழி காட்டினார்: சோற்றை நிறுத்த வேண்டாம், அளந்து வையுங்கள், அதன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்றார்.

அந்தக் கணக்கு இப்படி வருகிறது. ஹைதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். என் 60 கிலோவுக்கு அது 50 கிராம். எடைப்பயிற்சி செய்பவர்களுக்குக் கிலோவுக்கு 1.2 கிராமோ அதற்கு மேலோ பொதுவாகச் சொல்லப்படுவதால் எனக்கு 72 கிராம் இலக்கு. காலையில் 30 கிராம் உளுந்தில் காய்ச்சிய கஞ்சியில் 7 கிராம், இரண்டு முட்டையில் 12, மதியம் 150 கிராம் அரிசியை வடித்த சோற்றில் ஏறக்குறைய 10, கெட்டிச் சாம்பாரில் சேரும் 40 கிராம் துவரம்பருப்பில் 9, ஒரு கிண்ணம் தயிரில் 6, மாலையில் 50 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10, இரவில் 100 கிராம் மீனில் 18 என்று கூட்டினால் 72 வந்துவிடுகிறது. நாகப்பட்டினத்திலிருந்து வரும் மத்தியும் நெத்திலியும் விலை குறைந்தவை. மத்தியில் ஒமேகா-3 கொழுப்பும் உண்டு. புரட்டாசியில் மீனும் முட்டையும் நிற்கும்போது அந்த இடத்தைப் பச்சைப்பயறும் வேர்க்கடலையும் பாலும் நிரப்புகின்றன. புரதப் பொடி வாங்கலாமா என்று புதியவர்கள் கேட்கும்போது நான் உளுந்தைத்தான் காட்டுகிறேன். சம்பாவும் தாளடியும் அறுவடையாவதற்குச் சில நாள் முன்னர், நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் விதைத்து, மண்ணில் மிஞ்சிய ஈரத்தில் விளைவிப்பது டெல்டாவின் வழக்கம். நூறு கிராமில் ஏறக்குறைய 23 கிராம் புரதம் நம் வயலிலேயே விளைகிறது; அதை இட்லிக்கு மட்டும் ஒதுக்கிவைப்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

பாரம்பரிய நெல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் பழைய நெல் ரகங்களை மீட்டெடுத்துப் பரப்பிய நெல் ஜெயராமன் 2018இல் மறைந்தார். அவருடைய உழைப்பால் இன்று மாப்பிள்ளைச் சம்பாவும் கறுப்புக் கவுனியும் எங்கள் வீடுகளுக்கு எளிதாக வருகின்றன. தவிடு நீக்காத அந்த அரிசியில் நார்ச்சத்து அதிகம், குறைந்த அளவிலேயே வயிறு நிறைகிறது. ஆயினும் அதுவும் அரிசிதான். மாப்பிள்ளைச் சம்பா சாப்பிட்டால் இளவட்டக்கல்லைத் தூக்கிவிடலாம் என்ற பேச்சை நம்பி அளவில்லாமல் உண்பது சர்க்கரைக்கு உதவாது.

ஆண்டுத் திட்டம் வகுப்பதில்தான் மாஸ்டரின் அறிவு எனக்கு முழுமையாகத் தெரிந்தது. வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்து, கல்லணையிலிருந்து தண்ணீர் வாய்க்கால்களுக்கு வந்துவிட்டால் குறுவை வேலை தொடங்கிவிடும். விவசாயம் பார்க்கும் உறுப்பினர்கள் விடியற்காலையில் களத்துக்கு வர மாட்டார்கள். தையில் அறுவடை, அதையடுத்துக் கொள்முதல். தை, வைகாசி முகூர்த்தங்களில் எங்கள் குழுவின் தவில் கலைஞர் இரவெல்லாம் தோளில் வாரோடு நிற்பார். ஆரம்பத்தில், வராதவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி விரட்டினார்கள். விரட்டப்பட்டவர்கள் கூச்சத்தால் திரும்பி வரவே தயங்கினார்கள். இப்போது வேலைப் பருவம் எடை ஏறாத பருவம் என்று திட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அந்த வாரங்களில் வீட்டிலேயே செய்ய இருபது நிமிடப் பாடம் தருகிறார்கள். பங்குனி, சித்திரையில் திரும்பி வருபவர் விட்ட எடையிலிருந்து அல்லாமல் அதற்குப் பாதியிலிருந்து தொடங்குவார்.

எங்களுக்குள் உள்ள தோழமையைப் பற்றிச் சொல்லாமல் இந்த அனுபவம் முழுமையாகாது. பெரும்பண்ணைக் குடும்பத்துப் பிள்ளையும் கொள்முதல் நிலையத் தொழிலாளியும் ஒரே கம்பியில் மாறி மாறி எடை போட்டு, ஒருவர் செய்யும்போது மற்றவர் எண்ணுவதை இந்த வட்டாரத்தில் வேறெங்கும் நான் அதிகம் கண்டதில்லை. வயதைப் பொறுத்து அண்ணே, தம்பி, அக்கா என்பதைத் தவிர அங்கே வேறு முறை இல்லை. பாடத்தைக் கடைசியாக முடிப்பவர் முடிக்கும்வரை யாரும் கம்பியைக் கழற்றி வைப்பதில்லை. பல காலைகளில் அந்தக் கடைசி ஆள் நான்தான், என் எண்ணிக்கையை உரக்கச் சொன்ன குரல்களின் மீது எனக்கு மிகுந்த அன்பு உண்டு. சென்ற ஐப்பசியில் ஒரு பெண்ணுக்கு டெங்கு வந்து மருத்துவமனையில் இருந்தபோது, யார் எந்த வேளைக்குக் கஞ்சி கொண்டுபோவது என்று அரை மணி நேரத்தில் முறை போட்டுவிட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் தினமும் நேரத்தையும் எடையையும் பட்டியலிடும் வழக்கம் மட்டும் எனக்கு ஏற்புடையதில்லை. இளைஞர்களுக்கு அது உற்சாகம் தருகிறது. ஐம்பதை நெருங்கும் பெண்களில் இருவர் அதைப் பார்த்தே நின்றுவிட்டார்கள்.

என் உடம்பில் வந்த மாற்றம்: எடை இரண்டு கிலோதான் குறைந்தது, ஆனால் இடுப்பளவு நன்றாகவே இறங்கியது. ஹெச்பிஏ1சி 5.6இல் நிற்கிறது; மருத்துவர் பரிசோதனையை நிறுத்தச் சொல்லவில்லை, நானும் நிறுத்தவில்லை. தரையில் அமர்ந்தால் கை ஊன்றாமல் எழுகிறேன். நடுவயதுக்குப் பின் பத்தாண்டுக்கு நூற்றில் சில பங்கு என்ற அளவில் தசை கரைகிறது. மாதவிடாய் நின்றபின் எலும்பின் அடர்த்தியும் குறைகிறது. நடைப்பயிற்சி மட்டும் இதற்குப் போதாது. வாரத்துக்கு இரண்டு நாளாவது தசைக்கு வேலை தர வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் சொல்கிறது.

மாதக் கட்டணம் 1,500 ரூபாய். பெருநகரத்தோடு ஒப்பிட்டால் குறைவுதான், கூலி வேலை செய்பவருக்கு அதுவும் சுமை. தொழிலாளிகளுக்குப் பாதிக் கட்டணம் என்று கூடத்தில் வைத்திருக்கிறார்கள். குறைகள் என்றால், பெண்களுக்கு உடைமாற்ற ஒழுங்கான அறை இல்லை, 15 கிலோ கம்பி ஒன்றே ஒன்று இருப்பதால் நாங்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது, ஐப்பசி கார்த்திகை மழையில் கிடங்கின் மேற்குப் பக்கம் ஒழுகுகிறது. சேர நினைப்பவர்கள் இரத்த அழுத்தமும் இதயமும் பார்த்துக்கொண்டு வரட்டும். முதல் மாதத்தில் எடையைக் கூட்டச் சொல்லும் கூடம் எதுவானாலும் அங்கிருந்து வெளியேறிவிடட்டும். மாலையில் பெண்களுக்கென்று ஒரு தனி நேரம் வேண்டும் என்று நாங்கள் ஒன்பது பேர் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஆவணிக்குள் தொடங்குவதாக மாஸ்டர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.