தரவுத்தள மேம்படுத்தலில் பிழைகளை மறைத்து ஒப்படைக்கும் பராமரிப்பு நிறுவனங்கள்: ஓர் எச்சரிக்கை

தனியாகக் கணினிப் பிரிவு வைத்துக்கொள்ள வசதியில்லாமல், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டு வெளியாட்களின் கையில் தரவுத்தளத்தைக் கொடுத்திருக்கும் சிறு நிறுவனங்களுக்காக இதை எழுதுகிறேன். மென்பொருளின் பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்கு மாறும்போது, பேக்கப்பை மீட்டெடுப்பதில் வந்த பிழைகளை எங்களுக்குக் காட்டாமல், ‘தரவு அனைத்தும் முழுமையாக மாற்றப்பட்டது’ என்று எழுதிக் கொடுத்து, முழுத் தொகையையும் பெற்றுச் சென்ற ஒரு நிறுவனத்தால் நாங்கள் பட்ட பாடு இது. அதன் பெயரை எழுதப் போவதில்லை. இதே வழக்கம் இத்தொழிலில் பலரிடம் இருப்பதைப் பின்னர் விசாரித்தபோது அறிந்தேன்; ஒரு பெயரைத் தவிர்த்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

எங்களுடையது நூல் விநியோகத் தொழில். கடைகளுக்கு நூல்களை அனுப்புவோம். விற்காத பிரதிகள் திரும்பி வரும். வந்தவற்றின் மதிப்பைக் கடைக்காரரின் பாக்கியில் கழிப்போம். கணக்கு முழுவதும் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளின் 9.6 பதிப்பில் இருந்தது. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2021 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. பில் போடும் மென்பொருளின் புதிய பதிப்பும் அதில் ஓடாது என்று ஆனபோது, போஸ்ட்கிரெஸ் 16-க்கு மாறுவதென்று முடிவாயிற்று. போஸ்ட்கிரெஸில் ஒரு பெரும்பதிப்பின் தரவுக் கோப்புகளை அடுத்த பெரும்பதிப்பு அப்படியே திறந்து படிக்காது. ஒன்று, பிஜி-அப்கிரேட் என்ற கருவியால் இருந்த இடத்திலேயே மாற்ற வேண்டும். அல்லது பிஜி-டம்ப் கொண்டு பேக்கப் எடுத்து, புதிய சர்வரில் பிஜி-ரெஸ்டோர் கொண்டு மீட்டெடுக்க வேண்டும். அவர்கள் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் குற்றமில்லை, நல்ல வழிதான்.

குற்றம் அவர்கள் எழுதி வைத்திருந்த ஸ்கிரிப்டில், அதாவது கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பில், இருந்தது. அதைப் பின்னர் சர்வரிலேயே கண்டெடுத்தோம். மீட்டெடுப்புக் கட்டளையின் கடைசியில், பிழைச் செய்திகள் அனைத்தையும் ‘டெவ் நல்’ என்னும் வெற்றிடத்துக்குத் திருப்பிவிடும் குறி இருந்தது. அதற்கு அடுத்த வரி, முந்தைய கட்டளை எப்படி முடிந்தது என்று பார்க்காமலேயே, ‘மீட்டெடுப்பு வெற்றி’ என்று திரையில் அச்சிடும் வரி. எங்கள் மேலாளருக்குக் காட்டப்பட்டதும், வேலை நிறைவுச் சான்றில் கையெழுத்து வாங்கப்பட்டதும் அந்த ஒரு வரியை வைத்துத்தான்.

பிஜி-ரெஸ்டோர் எப்படி நடந்துகொள்ளும் என்பதை இங்கே கொஞ்சம் விளக்கியாக வேண்டும். அது இயல்பாகப் பிழை கண்டு நிற்காது. ஒரு கட்டளை தோற்றால் செய்தியைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். எல்லாம் முடிந்தபின் இத்தனை பிழைகள் புறக்கணிக்கப்பட்டன என்று கடைசியில் ஓர் எச்சரிக்கை மட்டும் எழுதும். முதல் பிழையிலேயே நிற்க வேண்டுமென்றால் ‘எக்ஸிட் ஆன் எரர்’ என்ற விருப்பத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். ஆயினும் பிழைகள் இருந்தால் அது முடியும்போது சுழியத்துக்குப் பதிலாக ஒன்று என்ற நிலைக்குறியீட்டைத் திருப்பித் தருகிறது. அதைப் பார்க்க ஸ்கிரிப்டில் ஒரே ஒரு வரி போதும். வெறும் எஸ்க்யூஎல் கோப்பாக, அதாவது தரவுத்தளக் கட்டளைகள் அடங்கிய உரைக் கோப்பாக, எடுத்த பேக்கப்பை போஸ்ட்கிரெஸின் பிஎஸ்க்யூஎல் என்ற கருவி வழியாக ஏற்றுவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ‘ஆன் எரர் ஸ்டாப்’ என்பதை அமைக்காவிட்டால், இடையில் எத்தனை கட்டளைகள் தோற்றாலும், அது நலமே முடிந்ததாகச் சுழியத்தையே திருப்பும். மைஎஸ்க்யூஎல் என்ற வேறொரு தரவுத்தள மென்பொருளின் ஏற்றும் கருவி இயல்பாக முதல் பிழையில் நின்றுவிடும். ஆனால் ‘ஃபோர்ஸ்’ என்ற சொல்லைச் சேர்த்து அந்த நற்குணத்தையும் கெடுத்துவிடுவோர் உண்டு.

இனி எங்களுக்கு நேர்ந்தது. போஸ்ட்கிரெஸ் ஒவ்வோர் அட்டவணையின் தரவையும் ‘காப்பி’ என்ற ஒற்றைக் கட்டளையால் ஏற்றுகிறது. அந்த அட்டவணையில் லட்சம் வரிசைகள் இருந்து, ஒரே ஒரு வரிசையில் ஒரே ஒரு பைட் தவறாக இருந்தாலும், கட்டளை முழுவதும் தோற்று அட்டவணை காலியாக நிற்கும். எங்கள் பழைய தரவுத்தளம் 2000-களின் தொடக்கத்தில் ‘எஸ்க்யூஎல் ஆஸ்கி’ என்ற குறிமுறையில் (எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) உருவாக்கப்பட்டு, பதிப்புக்குப் பதிப்பு அப்படியே கொண்டுவரப்பட்டது. அந்தக் குறிமுறை பெயருக்குத்தான் குறிமுறை. எந்த பைட்டைக் கொடுத்தாலும் சோதிக்காமல் வாங்கிக்கொள்ளும். தமிழக அரசு 1999-இல் ஏற்ற டாப் குறிமுறையில் அமைந்த எழுத்துருக்களைக் கொண்டுதான் அந்நாளில் எங்கள் அலுவலகத்தில் தமிழில் தட்டெழுதினோம். பின்னர் யூனிகோடுக்கு மாறியபோது நூல் தலைப்புகளும் கடைப் பெயர்களும் மாற்றப்பட்டன. ஆனால் ‘திரும்பிய பிரதிகள்’ அட்டவணையில் இருந்த ‘குறிப்பு’ என்ற பத்தி, அதாவது ‘அட்டை கிழிந்தது’, ‘நனைந்து வந்தது’ என்று குமாஸ்தா எழுதி வைக்கும் பத்தி, பழைய வரிசைகளில் டாப்பிலேயே இருந்துவிட்டது.

புதிய தரவுத்தளத்தை, யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறிமுறையில் உருவாக்கினார்கள். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள். டாப்பிலோ ஒரு குறிக்கு ஒரு பைட்தான், அதுவும் 128-க்கு மேற்பட்ட மதிப்பில். எனவே முதல் பழைய குறிப்பைச் சந்தித்த உடனேயே, யூடிஎஃப்-8-க்குப் பொருந்தாத பைட் வரிசை என்று சர்வர் மறுத்துவிட்டது. ‘திரும்பிய பிரதிகள்’ அட்டவணை முழுவதும் காலி. அதன் உட்பிரிவான நூல்வாரி அட்டவணையில் தமிழ் எழுத்தே இல்லாததால் அது மட்டும் முழுமையாக ஏறிவிட்டது. பிறகு இரண்டையும் இணைக்கும் அயல்விசைக் கட்டுப்பாட்டை, அதாவது உட்பிரிவின் ஒவ்வொரு வரிசைக்கும் முதல் அட்டவணையில் ஒரு தாய் வரிசை இருக்க வேண்டும் என்ற விதியைப் போடும்போது, தாய் வரிசைகள் இல்லையென்று அதுவும் தோற்றது. இந்த இரண்டு செய்திகளும் டெவ் நல்லுக்குப் போயின.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. வரிசை எண்ணைத் தரும் சீக்வென்ஸின் மதிப்பு, அட்டவணைத் தரவோடு சேராமல் தனியே மீட்டெடுக்கப்படுகிறது. ஆகையால் அட்டவணை காலியாக இருந்தபோதும், திங்கட்கிழமை காலை முதலில் வந்த கட்டுக்குப் போட்ட ரசீது, பழைய கடைசி எண்ணுக்கு அடுத்த எண்ணிலேயே வந்தது. அச்சாகி வந்த ரசீதைப் பார்த்து யாருக்கு ஐயம் வரும்?

மதுரைப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர்தான் முதலில் தொலைபேசியில் அழைத்தார். “சார், நான் திருப்பி அனுப்புன புத்தகத்துக்குக் கழிவே போடாம முழுப் பாக்கியையும் காட்டியிருக்கீங்களே, போன வருஷத்துக் கட்டு வந்து சேரலையா?” என்று கேட்டார். அடுத்தடுத்து வேறு கடைகளிலிருந்தும் இதே கேள்வி வந்தது. அதற்குள் பல கடைகளுக்கு மிகைப்பட்ட பாக்கிப் பட்டியல் போய்விட்டது. பணத்தைவிட, பல ஆண்டுகளாகப் பழகிய வியாபாரிகளுக்கு எங்கள் மேல் வந்த சந்தேகத்தைத் தீர்ப்பதே பெரும்பாடாக இருந்தது.

பராமரிப்பு நிறுவனத்தை அழைத்தபோது கிடைத்த முதல் பதில், உங்கள் பழைய தரவிலேயே கோளாறு என்பது. கோளாறு இருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் கோளாற்றைச் சர்வரே எழுத்தில் சொன்னபோது அந்த எழுத்தை அழித்தவர்கள் அவர்கள். இரண்டாவது பதில், தரவு மீட்பு என்பது ஒப்பந்தத்தில் இல்லை, தனிக் கட்டணம் ஆகும் என்பது. பழைய சர்வரின் வட்டை அழித்து அதன்மேலேயே புதியதை நிறுவியிருந்தார்கள். பேக்கப் கோப்பு அவர்களுடைய பென்டிரைவில் மட்டும் இருந்தது. எங்கள் கோப்பை எங்களிடம் கொடுக்கவே கட்டணம் கேட்டார்கள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

மேம்படுத்திய வாரத்திலேயே இன்னொரு தொல்லையும் தொடங்கியிருந்தது. நூல் தலைப்பைத் தேடினால் திரை உறைந்து நின்றது. மெமரி போதவில்லை என்று சொல்லி, புதிய ரேம் வாங்க வைத்து, பொருத்துகூலியும் வாங்கினார்கள், வேகம் கூடவில்லை. உண்மைக் காரணம், தலைப்புத் தேடலை விரைவாக்கும் அகரவரிசை போன்ற இன்டெக்ஸ் உருவாகவேயில்லை. அந்த இன்டெக்ஸ், தரவுத்தளத்துக்குள் நாங்கள் எழுதிய ஃபங்ஷன் என்னும் ஒரு சிறு நிரலை நம்பியது. அந்த ஃபங்ஷன், ஸ்கீமாவின் (தரவுத்தளத்துக்குள் உள்ள பிரிவின்) பெயரைக் குறிப்பிடாமல் இன்னொரு ஃபங்ஷனை அழைத்தது. 2018 மார்ச்சில் வந்த பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிறகு, பிஜி-டம்ப் எடுக்கும் பேக்கப் மீட்டெடுப்பின்போது தேடுபாதையை, அதாவது பெயரில்லாமல் அழைத்தால் எந்த ஸ்கீமாக்களில் தேடுவது என்ற பட்டியலை, காலியாக வைக்கிறது. அதனால் உள்ளே அழைக்கப்படும் ஃபங்ஷன் கண்ணில் படாமல், அப்படி ஒன்று இல்லையென்று பிழை எழும். இது பலரும் சந்தித்த, காரணம் நன்கு தெரிந்த பிழை. சர்வர் தானே எழுதி வைக்கும் லாக்கை, அதாவது பிழைப் பதிவேட்டை, திறந்து பார்த்திருந்தால் ஸ்கீமாவின் பெயரைச் சேர்த்து அந்த நேரத்திலேயே தீர்த்திருக்கலாம். அதற்குப் பதிலாக எங்களுக்கு ரேம் விற்றார்கள்.

இவர்கள் ஏன் பிழைகளை மறைக்கிறார்கள் என்பதற்கு ஒரு காரணம் தெரிகிறது. நியாயம் அல்ல, காரணம் மட்டும். பழைய பதிப்புகளிலிருந்து மீட்டெடுக்கும்போது தீங்கற்ற பிழைகள் சில வழக்கமாகவே வரும். போஸ்ட்கிரெஸோடு வரும் பிஎல்-பிஜிஎஸ்க்யூஎல் என்ற நிரல்மொழி நீட்சிக்கு நீ உரிமையாளர் அல்ல என்று ஒரு வரி வரும். குறிப்பிட்ட பயனர் இல்லை என்றும் வரும். ஏனெனில் பிஜி-டம்ப் பயனர் பெயர்களைப் பேக்கப்பில் சேர்ப்பதில்லை, அவற்றை பிஜி-டம்ப்-ஆல் கொண்டு தனியாக எடுத்து முதலில் ஏற்ற வேண்டும். எந்நேரமும் குரைக்கும் நாய்க்காக யாரும் எழுந்து வந்து பார்ப்பதில்லை. இந்தப் பிழைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்த தொழிலாளர்கள், ‘இது எப்போதும் வருவதுதான்’ என்று எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறார்கள். வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று பார்க்கும்போது திரையில் சிவப்பாக வரிகள் ஓடினால் கேள்வி கேட்பார் என்ற அச்சமும் இதில் சேர்ந்திருக்கிறது. தீங்கற்ற பிழைகள் வராதபடி முன்கூட்டியே பயனர்களை உருவாக்கி வைத்தால், எஞ்சுகிற ஒவ்வொரு வரியும் உண்மையான பிழையாக இருக்கும். அதற்கு ஒத்திகை வேண்டும். ஒத்திகைக்கு ஒரு நாள் கூலி ஆகும் என்பதால் அதைச் செய்வதில்லை.

சிறு நிறுவனங்களுக்குத்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். 2017 ஜனவரி 31-ஆம் நாள், நிரலாளர்களின் நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவையை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில், பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடியபோது அது இருக்கவேண்டிய சேமிப்பிடம் காலியாக இருந்தது. தரவுத்தளம் 9.6 பதிப்பில் ஓட, பேக்கப் எடுத்ததோ 9.2 பதிப்பின் பிஜி-டம்ப். தன்னைவிடப் புதிய பெரும்பதிப்பின் சர்வரிலிருந்து பிஜி-டம்ப் தரவு எடுக்காது, பிழை சொல்லி நின்றுவிடும். அந்தப் பிழையைத் தெரிவிக்க அனுப்பப்பட்ட மின்னஞ்சல்களை அஞ்சல் சர்வர் கையொப்பச் சோதனையில் நிராகரித்துவிட்டது. கடைசியில் ஒருவர் வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட்டிலிருந்துதான் (ஒரு கணத்து நிலையின் நகல்) மீண்டார்கள். ஏறத்தாழ 6 மணி நேரத்துத் தரவு போயிற்று. ஆனால் நடந்தவற்றை ஒன்றுவிடாமல் அவர்களே எழுதி வெளியிட்டார்கள். எங்களுக்கு வாய்த்தவர்களிடம் இல்லாதது அதுதான்.

வேறொரு தொழில்நுட்பரைக் கொண்டுதான் நாங்கள் மீண்டோம். முதல் நிறுவனம் பேக்கப் முழுவதையும் மறுபடி ஏற்றலாம் என்று சொல்லியிருந்தது. அப்படிச் செய்திருந்தால் இடையில் போட்ட பில்கள் அனைத்தும் அழிந்திருக்கும். புதியவர் எஸ்க்யூஎல் ஆஸ்கி குறிமுறையில் தனியாக ஒரு வெற்றுத் தரவுத்தளம் உருவாக்கி, பேக்கப்பிலிருந்து அந்த ஓர் அட்டவணையை மட்டும் அதில் இறக்கினார். எல்லா வரிசைகளும் வந்தன. யூடிஎஃப்-8-ஆகப் படிக்க முடியாத குறிப்புகளைப் பிரித்தெடுத்து, டாப்பிலிருந்து யூனிகோடுக்கு மாற்றி, நடப்புத் தரவுத்தளத்தில் சேர்த்தார். எங்களை ஏமாற்றிய அந்தத் தொடர் எண்களே இப்போது உதவின. பழைய எண்ணும் புதிய எண்ணும் எங்கும் மோதவில்லை. பிறகு அயல்விசையைப் போட்டார், எதிர்ப்பின்றி ஏறியது.

இப்போது எந்த நிறுவனம் வந்தாலும், பணி ஆணையிலேயே சில நிபந்தனைகளை எழுதிவிடுகிறோம். மீட்டெடுப்பின் முழு லாக்கும் வெட்டப்படாமல் எங்களிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். அதில் எஞ்சியிருக்கும் ஒவ்வொரு பிழைக்கும் அருகில் விளக்கம் எழுதப்பட வேண்டும். ஒவ்வோர் அட்டவணையிலும் பழையதில் எத்தனை வரிசை, புதியதில் எத்தனை வரிசை என்ற ஒப்பீடும், இன்டெக்ஸ்கள், கட்டுப்பாடுகள் ஆகியவற்றின் எண்ணிக்கை ஒப்பீடும் கையெழுத்துடன் வர வேண்டும். பேக்கப்பின் ஒரு பிரதி வேலை தொடங்குமுன் எங்கள் வசம் இருக்க வேண்டும். பழைய வட்டை ஒரு மாதக் கணக்கு முடியும்வரை யாரும் தொடக் கூடாது. மீதித் தொகை அதன் பிறகுதான். இவற்றுக்கு ஒப்பாமல் ஒரு நிறுவனம் விலகிக்கொண்டது. நல்லதாயிற்று.

கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறும் முயற்சியில் ஒரு செய்தி தெரிய வந்தது, பிறருக்கும் பயன்படும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுவோரை நுகர்வோர் என்ற வரையறைக்கு வெளியே வைக்கிறது. சுயதொழிலால் பிழைப்பு நடத்துவோர் அதற்கென வாங்கும் பொருள்களுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. எனவே எங்களைப் போன்ற நிறுவனங்கள் நுகர்வோர் ஆணையத்தை எளிதில் நாட முடியாது. உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் முதலில் கேட்பார்கள் என்று வழக்கறிஞர் சொன்னார். எங்கள் பழைய ஒப்பந்தத்தில் ‘தரவுத்தள மேம்படுத்தல், ஒரு பணி’ என்ற ஒற்றை வரிக்கு மேல் எதுவும் இல்லை.