அறுவைக்கு முன் மருந்து மட்டுமா, கதிர்வீச்சும் சேர்த்தா?

தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சைக்கு முன்பே இம்யூனோதெரபியை, அதாவது உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலைப் புற்றுக்கு எதிராகத் தூண்டும் சிகிச்சையைத் தொடங்குவதில் இரண்டு வழிகள் உண்டு: மருந்தை மட்டும் தருவது, அல்லது அதோடு கட்டிக்குச் சில நாள் கதிர்வீச்சும் தருவது. என் அண்ணனுக்கு எச்பிவி வைரஸ் தொடர்பான தொண்டைக் கட்டி என்பதால், ஓர் ஆய்வுத் திட்டத்தின்கீழ் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

சான்றின் வலு என்று பார்த்தால் முதல் வழியே முந்துகிறது. 714 பேர் பங்கேற்ற கீநோட்-689 ஆய்வில், அறுவைக்கு முன் இரண்டு தவணை பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைப் பெற்று, பின்னர் வழக்கமான கதிர்வீச்சோடு அதைத் தொடர்ந்தவர்களில் மூன்றாண்டுகள் நோய் மீளாமலும் முற்றாமலும் இருந்தோர் 57.6 விழுக்காடு, மருந்து பெறாதோரில் 46.4. நோயெதிர்ப்பு செல்களிடமிருந்து கட்டி தப்ப உதவும் பிடி-எல்1 புரதம் காணப்படும் கட்டிகளுக்கு அமெரிக்கா 2025 ஜூனில் இம்முறைக்கு ஒப்புதல் அளித்தது. ஆனால் வெட்டியெடுத்த திசுவில் புற்றணுக்கள் பெருமளவு அழிந்திருந்தது நூற்றில் ஏறத்தாழ பத்துப் பேரிடம் மட்டுமே.

இரண்டாவது வழிக்கு வருவோம்: அமெரிக்காவின் போர்ட்லாந்தில் நடந்து 2021-இல் வெளியான சிறு ஆய்வில், நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்துடன் ஐந்து அமர்வுகளில் 40 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) அல்லது மூன்று அமர்வுகளில் 24 கிரே கதிர்வீச்சு தரப்பட்டது. 21 பேரில் 67 விழுக்காட்டினரிடம் புற்றணு எதுவுமே எஞ்சவில்லை. அவர்களுள் சிலர் கதிர்வீச்சு மட்டுமே பெற்றவர்கள் என்பதால், பெருமை முழுவதையும் மருந்துக்குக் கொடுக்க முடியாது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது அந்த விழுக்காடு அன்று; கதிர் எங்கே விழுகிறது என்பதே. இம்யூனோதெரபியையும் கதிர்வீச்சையும் சேர்ப்பது புதிய யோசனை அன்று. ஜாவலின்-100, கீநோட்-412 ஆகிய பெரிய ஆய்வுகள் கீமோ-கதிர்வீச்சோடு இத்தகைய மருந்தைச் சேர்த்தும் தெளிவான பலன் காணவில்லை. அவற்றில் கழுத்தின் நிணநீர் முடிச்சுகளுக்கும் வாரக்கணக்கில் கதிர் பாய்ந்தது. கட்டியை அடையாளம் காண டி செல்கள் எனும் நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள் பழகும் இடமே அந்த முடிச்சுகள்தாம் என்பதால், படையைத் திரட்டிக்கொண்டே பாசறையைக் கொளுத்தியதுபோல் ஆகியிருக்கலாம் என்பது பலரும் முன்வைக்கும் விளக்கம். போர்ட்லாந்து முறையிலோ கண்ணுக்குத் தெரியும் கட்டியும் அதைச் சுற்றி 3 மில்லிமீட்டரும் மட்டுமே இலக்கு. ஆகவே இதை யோசிப்பவர்கள் எத்தனை கிரே என்று கேட்பதற்கு முன், கழுத்தில் எந்தப் பகுதி விடப்படுகிறது என்று கதிர்வீச்சு மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

அண்ணனுக்கு அறுவை தடையின்றி முடிந்தது என்றாலும், ஒருவர் அனுபவம் அதற்குமேல் எதையும் நிறுவாது. அந்த 21 பேரிலும் பெரும்பாலோர் எச்பிவி வகையினர். அவ்வகைக் கட்டிகள் பொதுவாகவே கதிர்வீச்சுக்கு நன்கு கட்டுப்படுபவை. எச்பிவி தொடர்பில்லாத வாய்ப் புற்றாக இருந்திருந்தால், பெரிய ஆய்வின் துணையுள்ள முதல் வழியைத்தான் நான் கேட்டிருப்பேன்.