குடியை விட்டவருக்கு எந்த ரத்தப் பரிசோதனை? ஜிஜிடியா, சிடிடியா, பெத்தா?

அண்ணன் குடியை விட்ட மூன்றாவது மாதம் வீட்டில் பெரிய சண்டை. காரணம் பாட்டில் இல்லை, லேப் ரிப்போர்ட். குடித்தால் ஏறும் ஜிஜிடி என்ற கல்லீரல் அளவு 112 என்று கூடுதலாக வந்திருந்தது. "திரும்ப ஆரம்பிச்சுட்டார் தம்பி, நம்மகிட்ட மறைக்கிறார்" என்று அண்ணி போனில் அழுதார். அண்ணனோ, "குடிச்சாலும் திட்டு, குடிக்கலைன்னாலும் திட்டு. அப்புறம் எதுக்குடா விடணும்?" என்றார். அன்றைக்குத்தான் இந்தப் பரிசோதனைகளைப் பற்றி உட்கார்ந்து படித்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் குடிநோயாளியா என்பதை எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்லாது. மருத்துவர் பேசித்தான் கண்டுபிடிப்பார். அவர்கள் பார்க்கும் டிஎஸ்எம்-5 என்ற மனநலக் கையேட்டில் 11 அறிகுறிகள் உண்டு. 12 மாதத்துக்குள் அவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். அந்தப் பதினொன்றில் ரத்த அளவு ஒன்றுகூடக் கிடையாது. சமீபமாகக் குடித்தாரா, ஏறக்குறைய எவ்வளவு என்பது மட்டும்தான் ரத்தத்தில் தெரியும்.

ஜிஜிடி மலிவு, எந்த லேபிலும் கிடைக்கும். ஆனால் அது கல்லீரல் நொதி. குடியால் ஏறும், கொழுப்புக் கல்லீரலாலும் ஏறும், வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின் மாத்திரையாலும் ஏறும். அண்ணனுக்குச் சர்க்கரையும் உண்டு, கொழுப்புக் கல்லீரலும் உண்டு. சிவப்பணுவின் பருமனைச் சொல்லும் எம்சிவியும் இதே கதைதான்: பி12 குறைந்தாலே கூடும். சிவப்பணுவின் ஆயுள் 120 நாள் என்பதால், குடியை விட்ட பிறகும் இறங்க மாதக்கணக்காகும்.

சிடிடி இவற்றைவிட நாணயமானது. இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் புரதத்தில் சர்க்கரைச் சங்கிலி குறைந்துபோவதை அளக்கிறார்கள். கொழுப்புக் கல்லீரல் இதை அவ்வளவாகக் குழப்பாது. குறை வேறு இடத்தில். தினமும் 50 முதல் 80 கிராம் ஆல்கஹால் வீதம் இரண்டு வாரமாவது குடித்தால்தான் ஏறும். நம்மூர்க் கணக்கில் 180 மில்லி குவார்ட்டர் பிராந்தியில் சுமார் 60 கிராம். ஆக, தினம் ஒரு குவார்ட்டர் போடுகிறவர் மாட்டுவார், சனிக்கிழமை மட்டும் போடுகிறவர் தப்பிவிடலாம். நாங்கள் இதை ஒரே ஒரு முறைதான் எடுத்தோம், அதனால் அநியாயமாக மதிப்பெண் போடுகிறேனோ என்னவோ.

நாங்கள் தேர்ந்தெடுத்தது பெத், அதாவது பாஸ்ஃபாட்டிடைல் எத்தனால். காரணம் ஒன்றே ஒன்றுதான்: குடிக்காதவர்மேல் அது பழி போடாது. உடம்பில் எத்தனால் இருந்தால் மட்டுமே இது சிவப்பணுச் சவ்வில் உருவாகும். சர்க்கரை நோயோ கொழுப்புக் கல்லீரலோ இதை உருவாக்க முடியாது. வேறொருவர் ரத்தம் ஏற்றியிருந்தால் கொடுத்தவரின் பெத் சேர்ந்து வரலாம், அதை மட்டும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மில்லிலிட்டருக்கு 200 நானோகிராமுக்கு மேல் என்றால் நிறையக் குடிக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 20-க்குக் கீழ் என்றால் குடிக்கவில்லை, அல்லது மிகக் கொஞ்சம். கல்யாண வீட்டில் போட்ட ஒரு பெக்கை இது பிடிக்கும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.

இதிலும் ஒரு சிக்கல் வந்தது. பெத் பாதியாகக் குறைய 4 முதல் 10 நாள் ஆகும். நல்லவேளையாக, குடியை விட்ட பத்தாம் நாள் எடுத்த ரத்தத்திலேயே மருத்துவர் இதையும் பார்த்து வைத்திருந்தார்: 310. அடுத்த மாதம் 42. சண்டைக்குப் பிறகு அந்தப் பழைய தாள்களை எடுத்தபோது, "ஏன் சைபர் வரலை?" என்று அண்ணி உடனே கேட்டார். பழைய குடி கரைந்துகொண்டிருப்பதைத்தான் அந்த 42 காட்டுகிறது என்று மருத்துவர் காகிதத்தில் கோடு போட்டு விளக்கினார். சண்டைக்கு மறுநாள் எடுத்த ரத்தத்தில் 20-க்குக் கீழே. இறங்கிக்கொண்டே வரும் வரிசைதான் முக்கியம், ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு யாரையும் விசாரிக்கக் கூடாது.

செலவு ஜிஜிடியைப் போலப் பல மடங்கு. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவி வேண்டும் என்பதால் எங்கள் லேபில் ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள், முடிவுக்கு ஒரு வாரம் காத்திருந்தோம். இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுக்கிறோம், அதுவும் அண்ணன் சம்மதத்தோடு.

ஜிஜிடியை நிறுத்திவிடவில்லை, கல்லீரலுக்காகத் தொடர்கிறது. அந்தக் கவரை மட்டும் அண்ணி இப்போது பிரிப்பதில்லை. நேராக மருத்துவர் மேசைக்குப் போகிறது.